பைக்கில் பெட்ரோல் முள் காட்டுவது உண்மையா? 'இ' வந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடும்? - முழு விளக்கம்

"நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டேன், முள்ளு அசையவே இல்ல. பங்க்ல ஏமாத்திட்டாங்களோ?"

"இன்னும் ஒரு கட்டம் காட்டுச்சு. ஆனா வண்டி நடுரோட்டுல நின்னுருச்சு!"

பைக் வைத்திருப்பவர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கிற புலம்பல்கள் இவை. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பெட்ரோல் முள் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை.

ராஜபாளையத்தை அடுத்த சோழபுரம் போன்ற ஊர்களில் பைக் என்பது சொகுசு கிடையாது, பிழைப்பு. ராஜபாளையம் நூற்பாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்குப் போகிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவசரமாகக் கிளம்புகிறவர்கள் என எல்லோருக்கும் நம்பிக்கை அந்த இரண்டு சக்கரம்தான். நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, பஸ்ஸும் இல்லாத நேரத்தில், பெட்ரோல் தீர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அந்த முள்ளை எவ்வளவு தூரம் நம்பலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

முள் எப்படி வேலை செய்கிறது?

பெட்ரோல் டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். கிணற்றில் மிதக்கும் காலிக் குடம் மாதிரி, பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அந்த மிதவை ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் இருக்கிறது. கம்பியின் இன்னொரு முனை ஒரு மின்தடைப் பட்டையில் உரசிக்கொண்டே நகரும்.

மிதவை இருக்கும் உயரத்துக்கு ஏற்ப அந்த மின்தடை கூடும், குறையும். மீட்டர் அதைப் படித்து முள்ளை நகர்த்துகிறது. டிஜிட்டல் மீட்டர் என்றால் கட்டங்களாகக் காட்டுகிறது.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மிதவைக்குத் தெரிவது பெட்ரோலின் உயரம் மட்டும்தான். எத்தனை லிட்டர் என்பது அதற்குத் தெரியாது. முள் தருவது ஒரு தோராயக் கணக்கு. தராசு மாதிரி அளந்து சொல்லும் கருவி அல்ல அது.

ஏன் துல்லியமாக இருக்காது? 5 காரணங்கள்

1. டேங்கின் வடிவம்

பைக் டேங்க் சதுரப் பெட்டி இல்லை. பைக்கின் முதுகுச் சட்டம் உள்ளே நுழைவதற்காக டேங்கின் அடியில் நீளமாக ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். குதிரைக்குச் சேணம் போட்டது மாதிரி டேங்க் அந்தச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் மேல்பகுதி அகலம், கீழ்ப்பகுதி குறுகல்.

மேலே ஒரு அங்குலம் பெட்ரோல் குறைய அதிக தூரம் ஓட வேண்டும். கீழே அதே ஒரு அங்குலம் சீக்கிரமே தீர்ந்துவிடும். 'ஃபுல்லில் இருந்து பாதி வர ரொம்ப நாள் ஆச்சு, பாதியில் இருந்து காலியாக ரெண்டே நாள்தான்' என்று பலரும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

2. மிதவை எட்டாத இடங்கள்

மிதவைக்கு மேலேயும் ஒரு எல்லை உண்டு, கீழேயும் ஒரு எல்லை உண்டு. டேங்க் முழுசாக நிறைவதற்கு முன்பே மிதவை உச்சியைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு ஊற்றுகிற பெட்ரோல் முள்ளின் கணக்கில் வராது. ஃபுல் டேங்க் போட்ட பிறகு வெகுதூரம் வரை முள் 'எஃப்'-ஐ விட்டு அசையாமல் நிற்பது இதனால்தான்.

கீழேயும் அப்படித்தான். முள் 'இ'-யைத் தொட்ட பிறகும் டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். ஓட்டுகிறவர் பங்க்கைத் தேடிப் போக அவகாசம் வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைக்கிறார்கள்.

3. வண்டி சாய்ந்து நிற்பது

சைடு ஸ்டாண்டில் வண்டி இடதுபக்கம் சாயும். பெட்ரோலும் அந்தப் பக்கம் ஒதுங்கும். மிதவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து முள் கூட்டியோ குறைத்தோ காட்டும். வண்டியை நிமிர்த்தி, சமதளத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தால்தான் ஓரளவு சரியாகத் தெரியும்.

4. ஆட்டமும் ஏற்ற இறக்கமும்

பிரேக் பிடித்தால் பெட்ரோல் முன்னே ஓடும், ஏற்றம் ஏறினால் பின்னே ஓடும். வேகத்தடையில் உள்ளே அலையே அடிக்கும். ஒவ்வொரு அலைக்கும் முள் ஆடக் கூடாது என்பதற்காக மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நகரும்படி செய்கிறார்கள். அதனால் பெட்ரோல் போட்ட உடனே சில வண்டிகளில் முள் ஏறாது, சிறிது நேரம் கழித்துதான் ஏறும்.

5. வயது

வருஷக்கணக்கில் உரசி உரசி மின்தடைப் பட்டை தேயும். கசடு படியும். மிதவைக்குள் பெட்ரோல் கசிந்தால் அது கனமாகித் தாழ்ந்துவிடும். வயர் இணைப்பில் துரு ஏறினாலும் மீட்டர் தப்பாகக் காட்டும். புது வண்டியில் சரியாக இருந்த முள், நாலைந்து வருஷத்தில் மாறிப்போவது சகஜம்.

நூறு ரூபாய்க்குப் போட்டால் முள் ஏன் நகரவில்லை?

இதைக் கணக்கு போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் டேங்க் 9.8 லிட்டர். லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்கும்போது, நூறு ரூபாய்க்கு வருவது ஏறக்குறைய 1 லிட்டர். மொத்த டேங்கில் அது பத்தில் ஒரு பங்கு. சின்ன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்வது கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

அதே அளவு டேங்க் உள்ள ஒரு வண்டியில் 6 கட்டங்கள் கொண்ட டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்கு சராசரியாக 1.6 லிட்டர். நீங்கள் ஊற்றிய 1 லிட்டர் அடுத்த கட்டத்தைத் தொடாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. இதில் வண்டி சாய்ந்து நின்றிருந்தாலோ, 'இ'-க்கும் கீழே போயிருந்தாலோ கேட்கவே வேண்டாம்.

ஆக, முள் நகரவில்லை என்பதை மட்டும் வைத்து பங்க்கில் அளவு குறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட முடியாது. முள் நன்றாக ஏறிவிட்டது என்பதால் அளவு சரி என்றும் சொல்லிவிட முடியாது. பங்க் அளவைச் சோதிக்க வேறு முறை இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

டிஜிட்டல் மீட்டர் துல்லியமானதா?

'டிஜிட்டல்னா கரெக்டா இருக்கும்' என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் டேங்குக்குள் இருப்பது அதே மிதவைதான். மாறியது காட்டும் விதம் மட்டுமே.

இன்னும் சொல்லப்போனால், கட்டங்களில் ஒரு சிக்கலும் உண்டு. கடைசிக் கட்டம் எரிகிறது என்றால் அது இப்போதுதான் தொடங்கியதா, முடியப்போகிறதா என்று தெரியாது. முள் என்றால் எங்கே நிற்கிறது என்று ஒரு அனுமானமாவது கிடைக்கும்.

சில புது வண்டிகளில் 'இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்' என்றே காட்டுகிறார்கள். இது மீதி பெட்ரோலையும், சமீபத்தில் வண்டி கொடுத்த மைலேஜையும் வைத்துப் போடும் கணக்கு. நேஷனல் ஹைவேயில் சீராக வந்துவிட்டு டவுன் நெரிசலில் நுழைந்தால், அந்த எண் கிடுகிடுவென இறங்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை, நீங்கள் ஓட்டும் விதம் மாறிவிட்டது.

அந்தக் காலத்து 'ரிசர்வ்' எங்கே போனது?

யமஹா ஆர்எக்ஸ்100, பழைய புல்லட், டிவிஎஸ் 50 போன்ற வண்டிகளில் பெட்ரோல் முள்ளே கிடையாது. வண்டியை ஆட்டி சத்தம் கேட்பார்கள், இல்லையென்றால் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். ஆனாலும் நடுவழியில் கைகொடுக்க ஒன்று இருந்தது. அதுதான் ரிசர்வ் குழாய்.

டேங்கின் அடியில் உள்ள அந்தத் திருகியில் 'ஆன்', 'ரிசர்வ்' என்று இரண்டு நிலைகள் உண்டு. 'ஆன்' நிலைக்கான குழாய் டேங்குக்குள் சற்று உயரமாக நிற்கும். பெட்ரோல் அந்த உயரத்துக்குக் கீழே போனதும் வண்டி திணறும். உடனே ரிசர்வுக்குத் திருப்பினால் அடியில் உள்ள பெட்ரோல் வரும். மின்சாரம், மிதவை எதுவும் கிடையாது. குழாயின் உயரம் மாறாது, அதனால் கணக்கும் மாறாது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. டேங்குக்குள் மின்சார பம்ப் வந்தது, ரிசர்வ் திருகி போனது. சாவியை ஆன் செய்ததும் 'ஊய்ங்' என்று கேட்கிறதே, அது அந்த பம்ப்பின் சத்தம்தான்.

இந்த வண்டிகளில் 'ரிசர்வ்' என்று சொல்வது முள்ளின் சிவப்புப் பகுதியையோ, எரியும் விளக்கையோதான். தனியாகத் திறந்துவிட எதுவும் இல்லை. பெட்ரோல் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இன்னொரு விஷயம். அந்த பம்ப் சூடாகாமல் இருக்க, சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் உதவுகிறது. அடிக்கடி வறண்டுபோகும் அளவுக்கு ஓட்டினால் பம்ப்பின் ஆயுள் குறையும். பெட்ரோல் போடாமல் தள்ளிப்போட்ட சில நூறு ரூபாய், பிறகு பெரிய செலவாக வந்து நிற்கும்.

ரிசர்வ் திருகி உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: பெட்ரோல் போட்டதும் மறக்காமல் 'ஆன்'-க்குத் திருப்புங்கள். ரிசர்விலேயே விட்டுவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் மொத்தமும் தீர்ந்துவிடும்.

உங்கள் வண்டியின் முள்ளை நீங்களே சோதிப்பது எப்படி?

மெக்கானிக் தேவையில்லை. இரண்டு முறை ஃபுல் டேங்க் போட்டாலே போதும்.

படி 1: வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஃபுல் டேங்க் போடுங்கள். வாய்விளிம்பு வரை வழிய வழிய ஊற்றக் கூடாது. கழுத்துப் பகுதிக்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ட்ரிப் மீட்டர் இல்லாத வண்டி என்றால் ஓடிய கி.மீ.-ஐ செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வழக்கம்போல ஓட்டுங்கள். முள் பாதியைத் தொடும்போது எத்தனை கி.மீ., சிவப்பைத் தொடும்போது எத்தனை கி.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: முள் 'இ'-யைத் தொட்டதும், அல்லது விளக்கு எரிந்ததும், நேராக அதே பங்க்குக்குப் போய் அதே மாதிரி ஃபுல் டேங்க் போடுங்கள்.

இப்போது இரண்டு விடைகள் கிடைக்கும்.

உதாரணமாக, 9.8 லிட்டர் டேங்கில் 7.9 லிட்டர் பிடித்தது என்று வைப்போம். அப்படியென்றால் முள் 'இ' காட்டியபோது உள்ளே சுமார் 1.9 லிட்டர் இருந்திருக்கிறது.

அந்த 7.9 லிட்டரில் வண்டி 435 கி.மீ. ஓடியிருந்தால், 435-ஐ 7.9-ஆல் வகுத்தால் லிட்டருக்கு சுமார் 55 கி.மீ. இதுதான் உங்கள் சாலையில், உங்கள் ஓட்டத்தில், உங்கள் வண்டி கொடுக்கும் நிஜ மைலேஜ்.

1.9 லிட்டரை 55-ஆல் பெருக்கினால் 104 கி.மீ. வருகிறதே என்று அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். டேங்கின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் எடுக்க முடியாமல் தங்கும். கையேட்டில் உள்ள டேங்க் கொள்ளளவும் தோராயம்தான். கிடைத்த தூரத்தில் பாதியை மட்டும் கணக்கில் வைப்பது பாதுகாப்பு. அதாவது, இந்த வண்டியில் 'இ' வந்த பிறகு 50 கி.மீ.-க்குள் பங்க்கில் இருக்க வேண்டும்.

'இ' வந்தபின் எவ்வளவு ஓடும் என்று தெரிந்துகொள்ள வண்டியை நிற்கும் வரை ஓட்டிப் பார்ப்பது தப்பான வழி. மேலே சொன்ன முறையில் பம்ப்புக்கும் ஆபத்தில்லை, நீங்களும் நடுவழியில் தள்ள வேண்டியதில்லை.

மூன்று நான்கு முறை இப்படிச் செய்துவிட்டால், முள்ளைவிட ட்ரிப் மீட்டர்தான் நம்பகமான துணை என்பது புரியும். மேலே உள்ள உதாரண வண்டிக்கு, 400 கி.மீ. தாண்டினால் பெட்ரோல் போட வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் போதும். முள் பழுதானாலும் வண்டி நிற்காது.

வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்குமா?

ஒவ்வொரு கோடையிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. இது தவறு என்று இந்தியன் ஆயில் நிறுவனமே விளக்கம் கொடுத்திருக்கிறது. நிறுவனம் சொன்ன அளவு வரை எந்தக் காலத்திலும் நிரப்பலாம்.

ஆனால் வழிய வழிய ஊற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சூடு ஏறினால் பெட்ரோல் விரியும். 10 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 100 மி.லி. கூடும். அந்த விரிவுக்கு இடம் விடத்தான் கழுத்துக்குக் கீழே நிறுத்துகிறோம்.

மைலேஜ் மாறினால் கணக்கும் மாறும்

முள் சரியாகவே காட்டினாலும், மீதி பெட்ரோலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது மைலேஜைப் பொறுத்தது. அது தினமும் ஒரே மாதிரி இருக்காது.

* பின்னால் ஒரு ஆள் அல்லது துணி மூட்டை, அரிசி மூட்டை இருந்தால் மைலேஜ் குறையும்.
* டயரில் காற்று குறைந்தால் வண்டி இழுக்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.
* வேகம் கூடினாலும், எதிர்காற்று அடித்தாலும் மைலேஜ் இறங்கும். மலையடிவாரத்தில் காற்று வீசும் மாதங்களில் இது நன்றாகவே தெரியும்.
* பெட்ரோலில் எத்தனால் கலப்பு. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவலாக விற்கப்படுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20 பயன்படுத்தினால் பழைய வடிவமைப்பு கொண்ட இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் வெளியான நிதி ஆயோக் திட்ட அறிக்கை சொன்னது. 55 கி.மீ. கொடுத்த வண்டிக்கு இது 2 கி.மீ. அளவு.

ஆக, இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் போட்ட கணக்கை வைத்து இன்றைக்கு ரிஸ்க் எடுக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள்.

பங்க் அளவில் சந்தேகமா? இதுதான் உங்கள் உரிமை

ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் அரசு முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவை இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், உங்கள் முன்னிலையில் 5 லிட்டர் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 5 லிட்டருக்கு 25 மி.லி. மட்டுமே.

பெட்ரோல் போடும் முன் மீட்டரில் பூஜ்யம் பார்ப்பது, பில் வாங்குவது இரண்டையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அளவு குறைந்தது உறுதியானால் சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடம் புகார் தரலாம். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிவு செய்யலாம்.

புகார் கொடுக்கும்போது 'முள் ஏறவில்லை' என்பது ஆதாரமாக நிற்காது. பில்லும், 5 லிட்டர் சோதனையின் முடிவும்தான் நிற்கும்.

மீட்டரே பழுதா? கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* எவ்வளவு ஓட்டினாலும் முள் ஒரே இடத்தில் நிற்பது
* 'எஃப்'-இல் இருந்து திடீரென 'இ'-க்கு விழுந்து, மீண்டும் ஏறுவது
* டிஜிட்டல் மீட்டரில் எல்லாக் கட்டமும் விட்டுவிட்டு மின்னுவது
* சமதளத்தில் ஃபுல் டேங்க் போட்டும் பாதிக்கு மேல் ஏறாதது

இவை வழக்கமான தோராயப் பிழை இல்லை, பழுது. டேங்கில் உள்ள மிதவைக் கருவியைக் கழற்றி, கம்பியை மேலும் கீழும் அசைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் மின்தடை சீராக மாறுகிறதா என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். மாறவில்லை என்றால் மிதவைக் கருவியில் கோளாறு. மாறுகிறது என்றால் வயரிலோ மீட்டரிலோ கோளாறு. பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் வீட்டில் நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.

வண்டி வாரண்டியில் இருந்தால் குறையை சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது பிறகு கணக்கில் வராது. பலமுறை சொல்லியும் சரிசெய்யாவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது.

நடுவழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டால்?

முதலில் வண்டியை சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தி, இண்டிகேட்டரை எரியவிடுங்கள். இரவு நேரத்தில் லாரிகள் வரும் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பதுதான் பெரிய ஆபத்து. வீட்டுக்கோ நண்பருக்கோ இருக்கும் இடத்தைப் பகிருங்கள்.

பெட்ரோல் ஊற்றியதும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் உடனே ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் நிற்கும் வரை காத்திருங்கள், பிறகு ஆஃப் செய்யுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் குழாயில் பெட்ரோல் நிறைந்து வண்டி கிளம்பும்.

சுருக்கமாக...

* முள் காட்டுவது பெட்ரோலின் உயரத்தை, லிட்டரை அல்ல.
* ஃபுல்லில் இருந்து பாதி வரை மெதுவாக, பாதிக்குக் கீழே வேகமாக இறங்கும்.
* டிஜிட்டல் கட்டமும் அதே மிதவையைத்தான் நம்பியிருக்கிறது.
* புது வண்டிகளில் திருப்பிவிட ரிசர்வ் இல்லை.
* ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் மீட்டரைப் பார்த்து ஓட்டுவதே சரியான கணக்கு.
* பங்க் அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் குடுவையைக் கேளுங்கள்.

முள் ஒரு எச்சரிக்கை மணி மாதிரி. மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும், இன்னும் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று கணக்கு போடக் கூடாது. அடுத்த முறை ஃபுல் டேங்க் போடும்போது ட்ரிப் மீட்டரை பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீங்க!